நீளம் குறையக் கூடாது, லேயர் மட்டும் வேணும்

மதுரையில் பார்லர் வைத்து 11 வருஷம் ஆகிறது. அதற்கு முன்னால் சென்னையில் ஓர் இடத்தில் 8 வருஷம் வேலை. இத்தனை வருஷத்தில் நீளமுடிக்காரர்கள் நாற்காலியில் உட்கார்ந்ததும் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "அக்கா, நீளம் குறையக் கூடாது, லேயர் மட்டும் வேணும்." கூடவே போனை நீட்டுவார்கள். அதில் ஒரு பெண் ஜன்னல் வெளிச்சத்தில் முதுகு காட்டி நிற்பாள், முடி அடுக்கடுக்காகப் புரளும். அந்தப் படத்தில் இருப்பது பழுப்பு முடி, நடுநடுவே வெளிறிய கோடுகள் போட்டிருப்பார்கள், அப்புறம் டாங் வைத்து ஒவ்வொரு கொத்தாகச் சுருட்டியிருப்பார்கள், பாதி ஒட்டுமுடியாகக்கூட இருக்கலாம். நம் ஊர்க் கருகரு முடியில் அதே வெட்டை அப்படியே போட்டாலும் அந்த அளவுக்கு அடுக்கு கண்ணில் படாது. முடி அசையும்போதுதான் தெரியும், அதுவும் தலையில் எண்ணெய் இல்லாமல் இருந்தால்.

இதை முதலிலேயே சொல்லிவிடுவேன். சிலர் முகம் வாடும். பரவாயில்லை, வெட்டிய பிறகு வாடுவதற்கு இப்போதே வாடட்டும்.

அடுத்து, "தினமும் எப்படிப் பின்னுவீங்களோ அப்படியே ஒரு தடவை பின்னுங்க" என்பேன். முடி வெட்ட வந்த இடத்தில் சடை பின்னச் சொல்கிறாளே என்று ஒரு மாதிரி பார்ப்பார்கள். எனக்கு அந்தச் சடை வேண்டும். மேலே கட்டைவிரல் மொத்தத்தில் இறங்குகிற சடை எந்த இடத்தில் சுண்டுவிரல் மொத்தமாகிறது, எந்த இடத்தில் எலிவால் ஆகிறது என்று தொட்டுப் பார்த்தால்தான் எவ்வளவு எடுக்கலாம் என்று பிடிபடும். ஏனென்றால் லேயர் என்பது கீழே இருக்கிற கனத்தை எடுத்துவிடுகிற வேலை. மேல் முடியைக் குட்டையாக்கினால் அந்த முடி நுனிவரை வராது, நுனியில் மிச்சம் நிற்பது இன்னும் மெலியும். ஏற்கெனவே எலிவாலாக இருக்கிற சடையில் நீளத்தையும் குறைக்காமல் லேயரும் போட்டால் கீழே நாலு நூல்தான் தொங்கும். நீளமும் வேண்டும், லேயரும் வேண்டும் என்பவர்களிடம் இதை எடுத்துச் சொல்லிப் புரியவைப்பதில்தான் என் பாதி நேரம் போகிறது.

இந்த ஊரில் லேயருக்கு இன்னொரு சோதனையும் உண்டு. வெளிநாட்டுப் படத்தில் இருக்கிற பெண் முடியை விரித்துவிட்டுப் போய்விடுவாள். என்னிடம் வருகிறவர் திங்கள் முதல் வெள்ளி வரை பின்னல் போடுவார், வெள்ளிக்கிழமை மல்லிகை வைப்பார், ஹெல்மெட் மாட்டுவார், கல்யாண வீடு என்றால்தான் விரித்துவிடுவார். மிகக் குட்டையான அடுக்கு காரை எலும்புக்கு மேலே ஆரம்பித்தால் பின்னலுக்குள் அது அடங்காது, சடை முழுக்க முள் மாதிரி துருத்திக்கொண்டு நிற்கும். அதனால் பின்னல் போடுகிறவர்களுக்கு நான் காரை எலும்புக்குக் கீழேதான் ஆரம்பிப்பேன். முகத்தருகே குட்டையாக வேண்டும் என்று அடம்பிடித்தால், இரண்டு பக்கமும் ஒரு விரல் அகலத்துக்கு மட்டும் தாடை வரை இறக்கிக் கொடுப்பேன், அதைக் காதுக்குப் பின்னால் செருகிக்கொள்ளலாம்.

இதெல்லாம் யாரும் சொல்லித் தந்து வந்ததில்லை. சென்னையில் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருஷம், ஒரு காலேஜ் பெண். நல்ல சுருட்டை முடி. நான் ஈரத்தில் சீப்பால் இழுத்துப் பிடித்து, உச்சியிலிருந்து தாடை அளவுக்கு அடுக்கு வெட்டினேன். ஈரத்தில் பார்க்க அழகாகத்தான் இருந்தது. டிரையர் போடப் போட முடி ஏறிக்கொண்டே போனது. தாடையில் இருந்தது காதுக்கு வந்தது, உச்சி காளான் மாதிரி உப்பிக்கொண்டு நின்றது. அந்தப் பெண் கண்ணாடியைப் பார்த்து, "நல்லா இருக்குக்கா" என்றாள். காசு கொடுத்தாள், துப்பட்டாவைத் தலையில் சுற்றிக்கொண்டாள், ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மறுநாள் அவள் அம்மா வந்தார். அவர் பேசியதை இங்கே எழுத முடியாது.

வெட்டிய அன்று சாயந்திரம் என் சீனியர் அக்கா திட்டவில்லை. தரையில் கிடந்த சுருட்டை முடியில் ஒரு இழையை எடுத்து நனைத்து, ஸ்கேலில் வைத்து இழுத்துப் பிடித்துக் காட்டினார்: 10 அங்குலம். அதையே காயவைத்து, இழுக்காமல் கிடத்திக் காட்டினார்: 7 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே. முடி நனைந்தால் ரப்பர் மாதிரி நீளும், சுருட்டை என்றால் காய்ந்ததும் சுருளும் சேர்ந்து மேலே இழுத்துக்கொள்ளும். முடி மாதத்துக்குச் சுமார் அரை அங்குலம்தான் வளரும். நான் கூடுதலாகத் தின்றுவிட்ட 3 அங்குலத்தை ஈடுகட்ட அந்தப் பெண்ணுக்கு ஆறு மாதம். ஆறு மாதமும் அவள் துப்பட்டாவோடுதான் திரிந்தாளோ என்னவோ. இப்போது சுருட்டை முடியைக் காய்ந்த பிறகுதான் தொடுகிறேன். கோரைமுடிக்கு ஈரம் சரி, ஆனால் சீப்பை இறுக்க மாட்டேன்.

லேயரின் சூட்சுமம் உண்மையில் ரொம்ப எளிது. 2020 லாக்டவுனில் பார்லர்கள் பூட்டிக் கிடந்தபோது நிறைய பெண்கள் யூடியூப் பார்த்து, குனிந்து, முடி முழுவதையும் நெற்றிக்கு மேலே ஒரே குடுமியாகக் கட்டி நுனியை நறுக்கிக்கொண்டார்கள். ஒரே வெட்டுதான், அவிழ்த்துவிட்டால் அடுக்கு வந்துவிடும். எப்படி? நெற்றி முடி குடுமிக்கு நடந்து வர வேண்டிய தூரமே இல்லை. பிடரி முடி தலையைச் சுற்றி ஏறி ஒரு அடிக்கு மேல் பயணம் செய்து அங்கே வருகிறது. இரண்டையும் ஒரே இடத்தில் வெட்டினால், தூரத்திலிருந்து வந்தது தன் இடத்துக்குத் திரும்பும்போது அந்தத் தூரத்தையும் நீளமாக எடுத்துக்கொண்டு போகும். நாங்கள் செய்வதும் இதையேதான், குடுமிக்குப் பதிலாக விரலால். முடியை எந்தப் பக்கம் இழுத்து, எவ்வளவு தூக்கி வெட்டுகிறோமோ, அதற்கு எதிர்ப்பக்கம் நீளம் மிஞ்சும். குடுமி வெட்டில் உள்ள வம்பு, ரப்பர் பேண்டு அரை அங்குலம் இடது பக்கம் நகர்ந்தாலும் அடுக்கு முழுக்கக் கோணலாகிவிடும். லாக்டவுன் முடிந்த முதல் மாதத்தில் எனக்கு வந்த வேலையில் பாதி அந்தக் கோணல்களைச் சரி செய்வதுதான்.

போன மாதம் ஒரு ஸ்கூல் டீச்சர் வந்தார், கூட அவர் அம்மா. டீச்சருக்கு 9 மாதக் கைக்குழந்தை, முடி இடுப்புக்கும் கீழே. பின்னச் சொன்னேன். முதுகுப் பாதிவரை நல்ல சடை, அதற்கப்புறம் எலிவால். நெற்றி ஓரம் முழுக்கப் பூனைமுடி சிலிர்த்து நின்றது. பிரசவம் ஆகி மூன்று மாதம் போல ஆனதும் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டும், அப்புறம் தானாக முளைக்கும், அந்தப் பூனைமுடி அப்படி முளைத்ததுதான். அதை அவரிடம் சொன்னபோது, "அப்ப வழுக்கை விழாதா?" என்று கேட்டுச் சிரித்தார், கொஞ்சம் கண் கலங்கின மாதிரியும் இருந்தது.

அவருடைய நுனியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். வெளிறி, பிளந்து, தொட்டால் தேங்காய் நார் மாதிரி. மாதம் அரை அங்குலம் என்று கணக்குப் போட்டால் அந்த நுனி தலையை விட்டு வெளியே வந்து ஐந்தாறு வருஷம் இருக்கும். கல்யாணமே ஆகி நாலு வருஷம்தான் என்றார். "அப்போ இது உங்க காலேஜ் முடி டீச்சர், அதை விட்டுரலாமா?" என்றேன். 3 அங்குலத்துக்குச் சம்மதித்தார். அம்மா சோபாவில் இருந்தபடி, "ரெண்டு போதும்" என்றார். ஏதோ மாட்டுத் தரகு மாதிரி, கடைசியில் இரண்டரைக்கு வந்து நின்றது.

எண்ணெய்த் தலையோடு வந்திருந்தார், எல்லாரும் அப்படித்தான் வருகிறார்கள், போனில் சொன்னாலும். இரண்டு தடவை ஷாம்பு போட்டேன். கீழ்நுனியை யூ வடிவில் எடுத்தேன். பின் உச்சியில் கையே வைக்கவில்லை, அங்கே அடுக்கு போட்டால் அந்த எலிவாலுக்கு வருகிற கனமும் போய்விடும். இரண்டு பக்கத்து முடியையும் காதுக்குப் பின்னாலிருந்து மெல்லிய மெல்லிய வகிடாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் முகத்துக்கு முன்னால் இழுத்து வந்து, காரை எலும்புக்கு இரண்டு விரல் கீழே வைத்த முதல் கொத்தின் அளவுக்கே வெட்டினேன். அளவு மாறாமல், முடி மட்டும் பின்னாலிருந்து தூரம் தூரமாக வந்துகொண்டே இருக்கும். பின்னந்தலை முடியை மட்டும் இதில் சேர்க்கக் கூடாது, அங்கேதான் நீளம் பத்திரமாக நிற்கிறது. நுனிகளைக் குறுக்கே நறுக்காமல் கத்தரியைச் செங்குத்தாகப் பிடித்துக் கொத்திக் கொத்தி விட்டேன், அப்போதுதான் படிக்கட்டு மாதிரி கோடு விழாது. படிக்கட்டே வேண்டும் என்று கேட்கிறவர்களும் உண்டு, அதற்குத்தான் இங்கே ஸ்டெப் கட் என்று பெயர். அது வேறு ருசி.

பல் வைத்த தின்னிங் கத்தரியை இந்த மாதிரி முடியில் நான் எடுப்பதே இல்லை. அடர்த்தியைக் குறைக்கிறேன் என்று சிலர் வேர்ப்பக்கமாக அதை வைத்து அமுக்கிவிடுகிறார்கள், இரண்டு மாதத்தில் உள்ளே இருக்கிற குட்டைமுடி முளைத்து மேல்முடியைத் தள்ளிக்கொண்டு தலை பம்மென்று ஆகிவிடும். என் கத்தரியையும் யாரும் தொடக் கூடாது. ஒரு தடவை வீட்டுக்காரர் அதால் பால் பாக்கெட் வெட்டினார். அதற்கப்புறம் வீட்டில் சமையலறைக்கென்று மூன்று கத்தரி வாங்கிப் போட்டிருக்கிறேன்.

வெட்டு முடிந்ததும் டீச்சர் கண்ணாடியைப் பார்த்தார். முகத்தில் ஒன்றுமில்லை. ஈரக் கருமுடியில் ஒன்றும் தெரியாதுதான். விரலால் கோதிக் கோதி முக்கால்வாசி காயவைத்தேன், அதுவரை பிரஷ் எடுத்தால் கைதான் வலிக்கும். அப்புறம் பெரிய ரவுண்ட் பிரஷ், டிரையர் மூக்கு வேரிலிருந்து நுனியைப் பார்த்தபடி, முகத்தை விட்டு வெளிப்பக்கமாகச் சுருட்டி. சூடு போதும் என்று தோன்றியதும் உடனே பிரஷை உருவக் கூடாது, குளிர்காற்று பட்டனை அமுக்கி அது ஆறும்வரை காத்திருக்க வேண்டும். முடியின் வளைவு ஆறும்போதுதான் பிடிக்கும், இரும்பைக் காய்ச்சி வளைத்து ஆறவிடுகிற மாதிரி. பொறுமையில்லாதவர்கள் போடுகிற செட்டிங் பஸ் ஏறுவதற்குள் தொங்கிவிடும். வீட்டில் இதெல்லாம் முடியாது என்று எனக்கும் தெரியும். லேசாக ஈரம் இருக்கும்போது இரண்டு பக்கமும் தளர்வாக முறுக்கிக் கொண்டை போட்டு, குழந்தைக்குச் சோறு ஊட்டி முடித்துவிட்டு அவிழ்த்துவிடுங்கள், பாதி அழகாவது வரும் என்றேன்.

விரித்துவிட்டதும் டீச்சர் தலையை இப்படி அப்படி ஆட்டிப் பார்த்தார். அப்புறம் நான் சொல்லாமலேயே மறுபடி சடை பின்னினார். ஒரு முள் வெளியே வரவில்லை. "அத்தைக்குத் தெரியவே தெரியாதுக்கா" என்றார் மெதுவாக. இதற்குத்தான் வந்தாரா என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஒன்றை மறந்துவிட்டேன். லேயரில் நீளம் அப்படியே இருக்கும், ஆனால் தரை நிறைந்துவிடும், அதனால் நாற்காலியைத் திருப்புவதற்கு முன்னால் பெருக்கிவிட வேண்டும் என்று உதவிக்கு இருக்கிற பாப்பாவிடம் எப்போதும் சொல்வேன். அன்று அவள் டீ வாங்கப் போயிருந்தாள். அம்மா எழுந்து வந்து கீழே பார்த்து, "இம்புட்டு முடியவா வெட்டிப்புட்ட?" என்று நெஞ்சில் கை வைத்தார். மகள் சடையைத் தூக்கிக் காட்டினார், நானும் இடுப்பைத் தொட்டுக் காட்டினேன். அவர் காதில் ஏறவில்லை. குனிந்து கை நிறைய முடியை அள்ளி, முழங்கையோடு வைத்து அளந்து பார்த்தார். சவுரிக்கு ஆகுமா என்றார். எல்லாம் வேறு வேறு அளவும்மா, கட்ட நிற்காது என்றேன்.

"ஆகாட்டி பரவால்ல, அடுத்தவுக காலடியில கெடக்கக் கூடாது" என்று சொல்லி, துணிக்கடை மஞ்சப்பை ஒன்றை விரித்து, ஒரு இழை விடாமல் அள்ளிப் போட்டுக்கொண்டு போனார்.