புளியரை வயலும் ஆறு தாள்களும்

செங்கோட்டையிலிருந்து கேரள எல்லையிலுள்ள கோட்டைவாசலுக்குப் போகும் சாலையில், புளியரை வயலோரம் உட்கார்ந்து வரைகிறேன். கார் நடவுக்கு நீர் கட்டிய வயல், பின்னால் மலை. மாலை ஐந்து மணிவாக்கில் சாரல் மேகம் ஒரு நிமிடம் விலகினால், வயல் முழுவதும் புதுத் தகரம் போல் பளபளக்கும். 1956 நவம்பரில் செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சியை விட்டு இந்தப் பக்கம் வந்துவிட்டது. சூரியன் மட்டும் இன்னும் அந்தப் பக்கம்தான் போய் இறங்குகிறது. அந்த ஒரு நிமிடத்தை நீர்வண்ணத்தில் பிடிக்க ஆறு தாள் செலவாகியிருக்கிறது.

முதல் தாளில் வெளிச்சம் என்று நினைத்து மஞ்சளை ஊற்றினேன். மஞ்சள் நீராட்டு நடந்த முற்றம் போல் ஆயிற்று. இரண்டாவதில் வெள்ளை போஸ்டர் வண்ணத்தை அப்பினேன். வயலுக்குச் சுண்ணாம்பு அடித்த மாதிரி செத்துக் கிடந்தது. நீர்வண்ணத்தில் வெளிச்சம் தருவது தாள்தான். வண்ணத்தை ஊடுருவிப் போகும் ஒளி தாளில் பட்டுத் திரும்புகிறது. இது படித்துத் தெரிந்த விஷயம்; கைக்குத் தெரிய இரண்டு தாள் ஆயிற்று.

மூன்றாவதில் வெள்ளையைக் காப்பாற்ற மாஸ்கிங் திரவம் பூசினேன்; வண்ணம் ஏறாமல் மறைத்துவிட்டு, பிறகு உரித்தெடுப்பது அது. ஈரம் காயாத தாளில் பூசி, இரவு முழுவதும் அப்படியே விட்டது என் முட்டாள்தனம். காலையில் உரித்தபோது தாளின் தோலும் சேர்ந்து வந்தது. அதோடு மலிவுத் தாளுக்குக் கும்பிடு போட்டு, தடித்த 300 ஜிஎஸ்எம் பருத்தித் தாளுக்கு மாறினேன்.

நான்காவதைக் கெடுத்தது சாரல். வெயில் காலத்தில் பத்து நிமிடத்தில் காயும் பூச்சு, இங்கே அரை மணி ஆனாலும் மினுமினுக்கிறது. மலைக்கு வைத்த நீலம் மெல்ல ஊர்ந்து வயலுக்குள் இறங்கிவிட்டது. ஆனால் மலைமேல் மஞ்சு கவிய இந்த ஈரம்தான் வேண்டும். தாளின் மினுமினுப்பு அடங்கும் நேரம் பார்த்து, அல்ட்ராமரைன் நீலமும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் கலந்த சாம்பலைத் தொட்டு வைத்தால் அதுவே பரவிக்கொள்கிறது. வயலைத் தொடுவதற்கு முன் மட்டும் புறங்கையைத் தாளில் வைத்துப் பார்க்கிறேன். சில்லென்றிருந்தால் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறேன்.

ஐந்தாவதில் வெள்ளை அப்படியே இருந்தும் வயல் ஒளிரவில்லை. கைபேசியில் படம் எடுத்து, கறுப்பு வெள்ளையாக்கிப் பார்த்ததும் குட்டு உடைந்தது: மலை, தென்னை, வரப்பு எல்லாமே ஒரே நடுச்சாம்பல். நீர்வண்ணம் காய்ந்தால் வெளுக்கும். அதையும் கணக்கில் வைத்து, கறுப்புக்கு அரை அடி முன்னால் நிற்கும் பச்சையை வரப்போரம் இழுத்தேன். தொடாத வயல் சட்டென்று எரிந்தது! ஓரத்தில் உலர்ந்த தூரிகையைப் படுக்கவைத்து வேகமாக இழுத்ததில், தாளின் சொரசொரப்பு அங்கங்கே வெள்ளைப் புள்ளிகளை விட்டுக்கொடுத்தது, அது அலையாயிற்று.

ஆறாவதை டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

“தண்ணீரை எப்போது வரையப் போகிறீர்கள், அண்ணாச்சி?”

“வரைந்தாயிற்று, அண்ணாச்சி.”

தாளை வாங்கிக் கை நீட்டிப் பிடித்தார். “இது வெறும் தாள் அல்லவா?” என்றவர், இரண்டடி பின்னால் போனதும் ஒன்றும் சொல்லாமல் திருப்பித் தந்தார்.

இன்னும் ஒரு குறை. வானமும் வெள்ளையாக இருப்பதால் வயலோடு போட்டி போடுகிறது. ஏழாவதில் வானத்துக்கு மெல்லிய சாம்பல் பூச்சு ஒன்று கொடுக்க வேண்டும். தாளைப் பலகையில் ஒட்டிவிட்டேன். நாளை ஐந்து மணிக்கு மேகம் விலக வேண்டும்.