நாலு பெட்டி, 55 பொத்தான்: அரவக்குறிச்சிப் பக்கம் ஒரு தேர்தல் பணி

தேர்தல் பணி ஆணை கைக்கு வந்ததும் ஆசிரியர் அறையில் எல்லோரும் கேட்பது "எந்த பூத்?" என்றுதான். அது யாருக்கும் தெரியாது. பயிற்சி வகுப்பெல்லாம் முடிந்து, கம்ப்யூட்டர் குலுக்கல் நடந்து, கடைசியில் உறையைப் பிரிக்கும்போதுதான் ஊர் தெரியும். நாம் குடியிருக்கும், வேலை பார்க்கும் சட்டமன்றத் தொகுதியில் போடமாட்டார்கள் என்பது மட்டும் உறுதி. 2024 மக்களவைத் தேர்தலில் எனக்கு விழுந்தது அரவக்குறிச்சிப் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி. வாக்குச்சாவடி தலைமை அலுவலர் பொறுப்பு.

தேர்தல் வேலை எனக்குப் புதிதில்லை. ஆனால் கரூர் மக்களவைத் தொகுதியில் அந்த முறை 54 வேட்பாளர்கள், தமிழ்நாட்டிலேயே அதிகம். நோட்டாவோடு 55. ஓட்டுப் போட அழுத்தும் பெட்டியான பேலட் யூனிட் ஒன்றில் 16 பொத்தான்தான் உண்டு. ஆக, ஒவ்வொரு பூத்துக்கும் நாலு யூனிட். ஈரோட்டுக்காரர்களிடம் இதைச் சொல்லிப் புலம்பினால் மொடக்குறிச்சியைச் சொல்லி வாயடைத்துவிடுவார்கள். 1996 சட்டமன்றத் தேர்தலில் அங்கே விவசாயிகள் தங்கள் கோரிக்கைக்குக் கவனம் கிடைக்க வேண்டும் என்று கூட்டமாக மனுப் போட்டு, 1033 பேர் களத்தில் நின்றார்கள். வாக்குச்சீட்டையே புத்தகமாக அச்சடிக்க வேண்டியிருந்தது, தேர்தலையும் தள்ளிவைத்தார்கள். அதே ஆண்டில்தான் டெபாசிட் தொகையை மக்களவைக்கு 500 ரூபாயிலிருந்து 10,000 ஆக உயர்த்தினார்கள். அப்படியும் எங்களுக்கு 54.

ஏப்ரல் 18, முந்தின நாள். பொருள்களை வாங்கும் இடத்தில் அவசரப்படவே கூடாது. அலுவலர் மேஜையில் இருந்து ஓட்டைத் திறந்துவிடும் கன்ட்ரோல் யூனிட், நாலு பேலட் யூனிட், போட்ட ஓட்டைச் சீட்டாக அச்சடித்துக் காட்டும் விவிபேட் எல்லாவற்றின் எண்ணும் தாளில் இருக்கும் எண்ணோடு ஒத்துப்போகிறதா, நாலு யூனிட்டும் 1, 2, 3, 4 என்று வரிசையாக வைக்கப்பட்டிருக்கிறதா, மை பாட்டில் ஒழுகாமல் இருக்கிறதா என்று அங்கேயே உட்கார்ந்து பார்த்துவிட வேண்டும். வண்டி ஊருக்குள் போனபிறகு குறை தெரிந்தால் மண்டல அலுவலருக்கு போன் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.

வானிலை அறிக்கையில் கரூர் பரமத்தி என்ற பேரைக் கோடை முழுக்கக் கேட்டிருப்பீர்கள். அந்த வட்டாரம்தான். சுற்றிலும் முருங்கைக் காடு, காற்று அசையவில்லை. பள்ளியின் சத்துணவு ஆயா இரவுக்கு அரிசியும் பருப்பும் சாதம் செய்து, தொட்டுக்கொள்ள ஊறுகாய் கொடுத்தார். பெண்கள் போகும்போது ஒரு போர்வை, டார்ச், வாளி, கொசுவர்த்தி நாமே கொண்டுபோவது நல்லது. கழிப்பறைக்குத் தண்ணீர் வருகிறதா என்பதை வெளிச்சம் இருக்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

மேஜை போடுவதிலேயே ஒரு மணி நேரம் போனது. நாலு யூனிட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க ஒரு மேஜை பத்தாது. வகுப்பறை டெஸ்க்குகளைச் சேர்த்துப் போட்டு, மறைப்பு அட்டைகளை ஒட்டி அகலப்படுத்தினோம். ஜன்னல் வெளிச்சம் விவிபேட் மேல் நேராக விழாத மூலை ஒன்றுதான் இருந்தது. ஒயர் யார் காலிலும் சிக்காமல் சுவரோரம் கொண்டுபோய் டேப் ஒட்டினோம்.

மறுநாள் காலை 5.30க்கு மாதிரி வாக்குப்பதிவு. என்னைக் கேட்டால் இந்த வேலையின் உயிரே இங்கேதான் இருக்கிறது. வெளியே இருப்பவர்களுக்கு ஏழு மணிக்கு மேல் நடப்பதுதான் தெரியும். மிஷின் மேல் சந்தேகம் கிளப்புகிறவர்கள் ஒருமுறை விடியற்காலையில் வேட்பாளரின் ஏஜென்ட்டாக வந்து உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும். குறைந்தது 50 ஓட்டாவது போட்டுப் பார்க்க வேண்டும், எந்த வேட்பாளரையும் நோட்டாவையும் விட்டுவிடக் கூடாது என்பது விதி. எங்களுக்கு ஆளுக்கு ஓர் ஓட்டு என்றாலே 55 ஆகிவிட்டது. 54 பேர் நின்றாலும் ஏஜென்ட் என்று வந்தவர்கள் விரல் விட்டு எண்ணும் அளவுதான். வராதவர்களுக்கும் சேர்த்து வந்தவர்களே மாற்றி மாற்றி அழுத்தினார்கள். விவிபேட் கண்ணாடிக்குள் ஒவ்வொரு சீட்டும் 7 விநாடி நின்றுதான் விழும். அவசரப்படுத்த முடியாது.

எல்லோரும் போட்டு முடித்ததும் குளோஸ், பிறகு ரிசல்ட். கன்ட்ரோல் யூனிட் ஒவ்வொரு வேட்பாளராகக் காட்டக் காட்ட, ஏஜென்ட்கள் நோட்டில் குறித்துக்கொண்டார்கள். அப்புறம் விவிபேட் சீட்டுகளை எடுத்து வேட்பாளர்வாரியாகப் பிரித்தோம். மெல்லிசுத் தாள் என்பதால் ஃபேனை நிறுத்தச் சொன்னேன். 55 குவியலைத் தரையில் பரப்பி, வியர்வை சொட்ட ஆறு பேர் குனிந்து எண்ணினோம். திரையும் சீட்டும் சரியாக வந்தது. எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினேன்.

மாதிரி ஓட்டைக் கிளியர் பட்டனில் அழித்து, டோட்டல் பூஜ்யம் என்று காட்டுவதை எந்தக் காரணத்துக்காகவும் வேகமாக முடிக்காதீர்கள். வயதான ஏஜென்ட் ஒருவர் கண்ணாடி தேடிக்கொண்டிருந்தார். அவர் எடுத்துப் போடும்வரை நிறுத்திவைத்தேன். "ஏனுங் டீச்சர், சுத்தமா தொடச்சாச்சுங்களா?" என்று கேட்டு, விவிபேட் பெட்டி காலியாக இருப்பதையும் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். பிறகு நாள் முழுக்க அவர் தரப்பிலிருந்து ஒரு சண்டைகூட வரவில்லை. மாதிரிச் சீட்டுகளின் பின்பக்கம் முத்திரை குத்தி, கறுப்பு உறையில் போட்டு சீல் வைத்தோம். கன்ட்ரோல் யூனிட்டின் பச்சை சீல் எண்ணையும் ஏஜென்ட்கள் குறித்துக்கொண்டார்கள்.

ஏழு மணிக்கே வாசலில் வரிசை. வெயிலுக்கு முன்னால் ஓட்டுப் போட்டுவிட்டுப் போக வந்த காட்டு வேலைக்காரர்கள். முதல் அலுவலர் பெயரை வாசித்து, பட்டியலில் சிவப்புக் கோடு போடுவார், பெண்ணென்றால் வரிசை எண்ணைச் சுற்றி வட்டமும். அடுத்தவர் பதிவேட்டில் கையெழுத்து வாங்கி, இடது ஆள்காட்டி விரலில் மை வைத்து, சீட்டுக் கொடுப்பார். கன்ட்ரோல் யூனிட்டில் இருப்பவர் அந்தச் சீட்டை வாங்கிக்கொண்டு பட்டனை அழுத்துவார். இதெல்லாம் பழகிவிடும்.

பழகாதது நாலு பெட்டி. உள்ளே போன பெரியவர்கள் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார்கள். ஓர் ஆத்தா மறைப்புக்குள்ளிருந்தே, "ஏம் அம்மிணி, நம்ம சின்னம் எந்தப் பொட்டில இருக்குது?" என்று சத்தமாகக் கேட்டார். வெளியே வரிசையே சிரித்தது. நாம் சொல்லவும் கூடாது, உள்ளே போகவும் கூடாது. மாதிரிப் படம் வரைந்த அட்டையை வெளியே வைத்துக்கொண்டு, "ஒவ்வொண்ணா பாத்துட்டே வாங்க, நீல பட்டனை அமுக்குங்க" என்று மட்டும் சொல்லலாம். இதனால் ஓர் ஓட்டுக்கு ஆன நேரம் கூடியது. பத்து மணிக்கு வரிசை வேப்பமரம் தாண்டிப் போனது. பந்தல் போட்டிருந்தும் போதவில்லை. ஊர்க்காரர் ஒருவர் பானையில் மோர் வைத்தார்.

பார்வை இல்லாதவரும் தானாக அழுத்த முடியாதவரும் 18 வயது நிரம்பிய ஒரு துணையைக் கூட்டி வரலாம். துணைக்கு வருகிறவரின் வலது ஆள்காட்டி விரலில் மை. ஒருவர் அன்று ஒருவருக்குத்தான் துணை போகலாம். இதை வாசலிலேயே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் ஊரில் செல்வாக்குள்ள ஒருவர் எல்லாப் பாட்டிகளுக்கும் பேரனாகிவிடுவார்.

மணிக்கு ஒருமுறை பதிவேட்டின் கடைசி எண்ணையும் கன்ட்ரோல் யூனிட்டின் டோட்டலையும் ஒப்பிட்டு ஒரு தாளில் எழுதி வைத்தேன். மதியம் டோட்டலில் ஓர் ஓட்டு குறைந்தது. தேடினால், கையெழுத்துப் போட்ட ஒருவர் ஏதோ கோபத்தில் ஓட்டுப் போடாமலே போயிருக்கிறார். பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே குறிப்பு எழுதியதும் கணக்கு நேரானது. சாயங்காலம் தெரிந்திருந்தால் நூற்றுக்கணக்கான வரிகளைத் திருப்பிப் பார்த்திருக்க வேண்டும். எங்கள் ஓட்டுக்கும் கவலை இல்லை. தேர்தல் பணிச் சான்றிதழ் இருந்தால், அதே மக்களவைத் தொகுதிக்குள் வேலை பார்க்கும் பூத்திலேயே போட்டுக்கொள்ளலாம். அதற்கான படிவத்தைப் பயிற்சியின்போதே கொடுத்துவிட வேண்டும்.

ஆறு மணிக்கு வரிசையில் நிற்பவர்களுக்கு டோக்கன். இதைக் கடைசியில் நிற்பவரிடமிருந்து தொடங்க வேண்டும், அவருக்குத்தான் 1. அப்போதுதான் பின்னால் யாரும் வந்து சேர முடியாது. அவர்கள் முடித்ததும் குளோஸ் பட்டன். பிறகு 17சி படிவம்: மொத்த வாக்காளர், பதிவானது, மிஷின் எண்கள், சீல் எண்கள். ஏஜென்ட்கள் எல்லோருக்கும் ஒரு நகல். வாக்கு எண்ணும் அன்று அவர்கள் மேஜையில் இந்தத் தாளை வைத்துத்தான் சரிபார்ப்பார்கள் என்பதால் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதுங்கள். நான் மாறாத விவரங்களை மத்தியானமே நிரப்பி வைத்திருந்தேன்.

விவிபேட் பேட்டரியைக் கழற்றி, ஆறு பெட்டிக்கும் சீல் வைத்து, உறைகளை அடுக்கி முடிக்கும்போது ஒன்பதரை. மண்டல வண்டி நாலு பூத் சுற்றி வர நள்ளிரவு ஆகிவிட்டது. அதுவரை காலையில் கண்ணாடி தேடிய அந்த ஏஜென்ட் போகவே இல்லை. எங்கள் வண்டிக்குப் பின்னாலேயே தன் மொபெட்டில் மெயின் ரோடு வரை வந்தார்.

ஒப்படைக்கும் இடத்தில் ஒவ்வொரு உறைக்கும் டிக் வாங்கிக்கொண்டு, ஒப்புகைச் சீட்டு கையில் வந்த பிறகே கிளம்புங்கள். என் சீட்டை செல்போனிலும் படம் எடுத்து வைத்துக்கொண்டேன்.