1951 செவர்லே பிக்கப்: தாழ்த்திய முன் அச்சில் டை ராடுக்கு இடம் தேடிய கதை

ஓஹையோவில் என் வீட்டு கராஜில் நிற்கும் 1951ஆம் ஆண்டு செவர்லே 3100 பிக்கப்பின் முன்பக்கத்தை நான்கு அங்குலம் தாழ்த்த எனக்கு இரண்டு நாள் போதுமானதாக இருந்தது. தாழ்த்தியதால் ஸ்டீரிங்கில் வந்த இடைஞ்சலைத் தீர்க்க ஏறக்குறைய இரண்டு மாதம் பிடித்தது. அந்த இரண்டு மாதத்தில் அளந்ததையும் தவறியதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

1947 முதல் 1955 தொடக்கம் வரை வந்த இந்த வரிசை வண்டிகளில் முன்பக்கம் மிக எளிமையானது. குறுக்கே ஒரே துண்டான இரும்பு அச்சு, அதன்மேல் இருபுறமும் நீளவாக்கில் பட்டை ஸ்பிரிங்குகள், அச்சின் முனைகளில் சக்கரம் இடமும் வலமும் திரும்ப உதவும் கிங் பின் என்ற ஆணி; அவ்வளவுதான். தாழ்த்த விரும்புபவர்களில் பலர் இதை மொத்தமாக வெட்டி எறிந்துவிட்டு, 1974இல் வந்த மஸ்டாங் 2 காரின் பாணியில் தனித்தனியாக இயங்கும் சஸ்பென்ஷனைப் பற்றவைத்துவிடுகிறார்கள். ஓட்டுவதற்கு அது சுகமானது என்பதை மறுக்கவில்லை. ஆனாலும் 216 கன அங்குல ஆறு சிலிண்டர் எஞ்சினையே மாற்றாமல் வைத்திருக்கும் எனக்கு அச்சை மட்டும் தூக்கி எறிய மனம் வரவில்லை. எனவே முனைகள் நான்கு அங்குலம் மேலே வளைந்த தாழ் அச்சு ஒன்றை வாங்கிப் பொருத்தினேன். ஸ்பிரிங்கில் கை வைக்கவில்லை.

சிக்கல் அங்கேதான் தொடங்கியது. சக்கரம் தரையில் நிற்கும் உயரம் மாறுவதில்லை. அச்சின் நடுப்பகுதியும் அதன்மேல் அமர்ந்த ஸ்பிரிங்கும் சேசிஸும்தான் நான்கு அங்குலம் கீழே இறங்குகின்றன. ஆனால் இரு சக்கரங்களையும் இணைக்கும் டை ராடு சக்கரத்தோடு சேர்ந்த ஸ்டீரிங் கைகளில் மாட்டப்பட்டிருப்பதால் அது இறங்காமல் பழைய உயரத்திலேயே நிற்கிறது. அச்சுக்குப் பின்னால், ஸ்பிரிங்குகளுக்கு அடியில் தாராளமான இடைவெளியோடு கடந்து சென்ற அந்தக் குழாயின்மேல் இப்போது ஸ்பிரிங்குகளே இறங்கி வந்து உட்காரப் பார்த்தன.

இதை நான் முதலில் கவனிக்கவே இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். சேசிஸைத் தாங்கிகளில் ஏற்றி, சக்கரங்கள் அந்தரத்தில் தொங்கிய நிலையில் பார்த்தபோது டை ராடுக்கும் ஸ்பிரிங்கின் அடிப்பட்டைக்கும் நடுவே அரை அங்குலம் இருந்தது. போதும் என்று நினைத்து வண்டியை இறக்கினேன். கராஜை விட்டு வெளியே எடுத்து இடதுபுறம் முழுமையாகத் திருப்பியபோது, தகரத்தில் ஆணியால் கீறியதைப் போன்ற சத்தம் கேட்டது. குனிந்து பார்த்தால், டை ராடின் மேல்பக்கத்தில் புதிதாக அடித்த கறுப்புப் பெயிண்ட் விரல் அகலத்துக்கு உரிந்து பளபளவென்று இரும்பு தெரிந்தது.

காரணத்தை யோசித்தால் எளிதுதான். பாரம் இல்லாதபோது பட்டை ஸ்பிரிங் கிண்ணம்போல் வளைந்து, நடுப்பகுதி தாழ்ந்தும் இரு முனைகளும் உயர்ந்தும் இருக்கும். வண்டியின் எடை ஏறியதும் அது நிமிர்ந்து தட்டையாகிறது. அச்சோடு ஒப்பிட்டால், அச்சுக்குப் பின்னால் உள்ள பகுதி கீழே வந்துவிடுகிறது. அதாவது தொங்கும் சக்கரத்தோடு எடுக்கும் அளவு எப்போதும் உண்மையைவிட அதிகமாகவே காட்டும். போதாக்குறைக்கு, பிரேக் அழுத்தும்போது அச்சு முறுக்கிக்கொண்டு அதன் பின்பக்கம் சற்று மேலே எழும். அப்போது டை ராடும் கூடவே எழும்.

தீர்வு ஸ்டீரிங் கைகளைக் கீழ்நோக்கி வளைப்பதுதான். எவ்வளவு வளைப்பது என்பதில்தான் யோசனை தேவைப்பட்டது. அதிகம் இறக்கினால் கையின்மேல் விழும் முறுக்கு கூடும். டை ராடு ரிம்மின் அடிமட்டத்துக்குக் கீழே போய்விட்டால் டயர் காற்றிறங்கும் நாளில் தரையில் உரசும். இரண்டு ரிம்களின் அடிக்கும் குறுக்கே ஒரு நூலைக் கட்டிப் பார்த்து, ஒன்றரை அங்குலம் என்று முடிவு செய்தேன். பட்டறையில் வேலை பழகாத ஒருவர் இதை வீட்டில் செய்யக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. அடித்து உருவாக்கிய எஃகைச் சிவக்கக் காய்ச்சி வளைத்து, தண்ணீரில் முக்காமல் மெதுவாக ஆறவிட்டு, பிறகு காந்தப் பொடியால் விரிசல் உண்டா என்று சோதிக்க வேண்டும். அனுபவமுள்ள ஒரு கொல்லரிடமே கொடுத்தேன்.

கொடுப்பதற்கு முன் இரண்டு ஸ்டீரிங் கைகளையும் அட்டையில் வைத்துப் பென்சிலால் வரைந்து, துளைகளின் மையத்தையும் குறித்து வைத்திருந்தேன். நேரான கையைக் கீழே வளைத்தால் அதன் கிடைநீளம் குறையும் என்பதால் செய்த ஏற்பாடு அது. திரும்பி வந்ததும் அட்டையின்மேல் வைத்துப் பார்த்தேன்: இடது கை கச்சிதமாகப் பொருந்தியது, வலது கை மட்டும் கால் அங்குலத்துக்கு மேல் குட்டையாக இருந்தது. அப்படியே மாட்டியிருந்தால் இடப்புறம் திரும்புவதும் வலப்புறம் திரும்புவதும் வெவ்வேறு விதமாக இருந்திருக்கும், வளைவுகளில் டயரும் தேய்ந்திருக்கும். மீண்டும் காய்ச்சி நீட்டி வாங்க இன்னும் பத்து நாள் போயிற்று.

இம்முறை அளவெடுப்பதில் ஏமாறவில்லை. குழந்தைகள் விளையாடும் களிமண்ணில் ஒரு கட்டியை ஸ்பிரிங்கின் அடியில் ஒட்டி, வண்டியைத் தரையில் நிறுத்தி ஸ்டீரிங்கை இரு பக்கமும் முழுமையாகத் திருப்பினேன். நசுங்கியது போக மிஞ்சிய தடிமன் ஒன்றேகால் அங்குலம். பிறகு அச்சையும் சேசிஸையும் இருபுறமும் சங்கிலி இழுவையால் இழுத்து, சேசிஸின் ரப்பர் முட்டுக்கட்டை அச்சைத் தொடும் வரை ஸ்பிரிங்கை அமுக்கிவிட்டு, மறுபடி திருப்பினேன். அப்போதும் முக்கால் அங்குலம் மிஞ்சியது. டோ-இன், அதாவது முன் சக்கரங்களின் முன்பக்கம் உள்நோக்கிச் சாயும் அளவு, எட்டில் ஒரு அங்குலத்துக்கு வைத்தாயிற்று.

எதிர்பாராத ஒரு நன்மையும் கிடைத்தது. ஸ்டீரிங் பெட்டியிலிருந்து வரும் டிராக் லிங்க் என்ற தண்டு இடது ஸ்டீரிங் கையில்தான் சேர்கிறது. சேசிஸ் இறங்கியதால் முன்பக்கம் தூக்கிக்கொண்டு நின்ற அந்தத் தண்டு, கை தாழ்ந்ததும் பழைய சாய்வுக்குக் கொஞ்சம் நெருங்கி வந்திருக்கிறது. வேகத்தடைமேல் ஏறும்போது ஸ்டீரிங் சக்கரம் என் கையை வெட்டி இழுப்பது குறைந்திருக்கிறது, ஆனால் முழுவதும் நிற்கவில்லை.

மீதி இருப்பது இடது முன் டயர். முழுத் திருப்பத்தில் அது டிராக் லிங்கை ஒரு விரல்கடை தூரத்தில் நெருங்குகிறது. திருப்பத்தைக் கட்டுப்படுத்தும் முட்டின் உயரத்தைத் தற்காலிகமாக ஒரு வாஷர் வைத்துக் கூட்டியிருக்கிறேன். முன்பு எங்கள் தெருவில் ஒரே வீச்சில் திரும்பிய வண்டிக்கு இப்போது ஒருமுறை ரிவர்ஸ் போட வேண்டியிருக்கிறது.