ரோபோ தயார், வாய்தான் திறக்கவில்லை

தொண்டைக் கட்டியை வாய் வழியாக ரோபோவால் அகற்றும் அறுவையில், இயந்திரத்துக்கு உறை மாட்டி, எல்லாரும் கைகழுவி நின்ற பிறகு, வாயை விரித்துப் பிடிக்கும் ரிட்ராக்டர் வாய்க்குள் நுழையவில்லை என்றால் அன்றைய தியேட்டர் நேரம் அத்தனையும் பாழ். ஓ.பி.யில் 'வாயைத் திறங்க' என்று ஒரு பார்வை பார்த்ததோடு தேதி குறித்துவிடுவதால் வரும் வினை இது.

மேல், கீழ் முன்பற்களுக்கு இடையே 35 மி.மீ.க்குக் குறைந்தால் வாய்ப்பூட்டு என்று எழுதிவிடுகிறார்கள். அந்த எண்ணை மட்டும் நம்பக் கூடாது. வலியால் இறுகிய தாடை, தசையைத் தளர்த்தும் மருந்து ஏறியதும் திறந்துகொள்ளும். கதிர்வீச்சால் நாரேறிய தாடையோ, மெல்லும் தசைக்குள் கட்டி புகுந்த தாடையோ அசையாது. கட்டி அங்கே புகுந்திருந்தால் அது ரோபோவுக்கான கேஸே இல்லை. வாய் நன்றாகத் திறந்தும் நீண்ட மேற்பற்கள், உள்வாங்கிய கீழ்த்தாடை, வளையாத கழுத்து காலை வாருவதுண்டு.

ஆகவே பயாப்சிக்கு மயக்கம் கொடுக்கும்போதே ரிட்ராக்டரை மாட்டிப் பார்த்துவிடுங்கள். கட்டியின் கீழ் விளிம்பு கண்ணுக்குத் தெரிகிறதா என்பதுதான் கேள்வி. நாக்கை அழுத்திப் பிடிக்கும் எந்த பிளேடு பொருந்தியது என்பதைக் கேஸ் ஷீட்டில் எழுதி வையுங்கள். டான்சிலுக்கு குரோ டேவிஸ் ரிட்ராக்டர் போதும், நாக்கின் அடிப்பகுதிக்குப் பெரும்பாலும் எஃப்.கே. ரிட்ராக்டர் வேண்டியிருக்கும்.

மூச்சு டியூப் மூக்கு வழியாக. வாய் திறக்காதவருக்கு விழித்த நிலையிலேயே, வளையும் கேமராவான ஃபைபர் ஸ்கோப் வைத்து. காட்டரி (சூட்டால் திசுவை வெட்டி ரத்தத்தை அடைக்கும் கருவி) ஓடும்போது ஆக்சிஜன் 30 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், மூச்சுக்குழாயில் தீப்பிடிக்கும். நாக்கு நுனியில் சில்க் தையல் போட்டு இழுக்கும்போது கீழ்ப்பல் நாக்கை அறுக்கும், பற்காப்பு முக்கியம். ரிட்ராக்டரின் அழுத்தத்தை அவ்வப்போது தளர்த்தாவிட்டால் நாக்கு வீங்கிப் பலகைபோல ஆகிவிடும்.

டாக்கிங், அதாவது ரோபோவை நோயாளியருகே கொண்டுவந்து பொருத்துவது, சுலபம். அதன் பிறகுதான் ரோபோ கைகளின் முட்டல் மோதல். குறுகிய வாய்க்கு 5 மி.மீ. கருவிதான் நல்லது என்று தோன்றும். ஆனால் பல கணுக்களால் வளையும் அதற்கு, வளைய 8 மி.மீ. கருவியைவிடக் கூடுதல் இடம் வேண்டும். நாக்கின் அடிப்பகுதிக்கு 30 டிகிரி கேமராவை மேல்நோக்கித் திருப்புங்கள். 2019-இல் அமெரிக்காவில் தொண்டைக்கு அனுமதி பெற்ற ஒற்றைத்துளை மாடலில் ஒரே குழாய் வழியாகக் கேமராவும் மூன்று 6 மி.மீ. கருவிகளும் வருவதால் வெளியே மோதல் குறைவு. ஆனால் குழாயை வாயை ஒட்டி வைத்தால் கருவிகள் விரிய இடமிருக்காது, தள்ளியே நிறுத்துங்கள்.

பயப்பட வேண்டியது ரத்தக்கசிவுக்கு. நாக்குத் தமனியின் கிளைகளுக்குக் காட்டரியை மட்டும் நம்பாதீர்கள், கிளிப் போடுங்கள். கழுத்து நெறிக்கட்டிகளை எடுக்கும்போதே தமனியைக் கட்டிவிடுவது இன்னும் நிம்மதி. கசிவு வீடு திரும்பிய பிறகும், இரண்டு வாரம்வரைகூட வரலாம். வாய் திறக்காதவருக்கு நடுராத்திரியில் டியூப் போட யாராலும் எளிதில் முடியாது. அதனால் இவர்களுக்கு டிரக்கியாஸ்டமி (கழுத்தில் துளையிட்டு மூச்சுக்குழாயில் வைக்கும் டியூப்) போடத் தயங்க வேண்டாம். ஒரு ஸ்பூன் சிவப்பு ரத்தம் வந்தாலும் உடனே புறப்படச் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் தாளின் முதல் வரியிலேயே 'டியூப் போடுவது கடினம்' என்று பெரிய எழுத்தில் இருக்கட்டும்; அவசரப் பிரிவில் அந்நேரம் இருப்பவர் இந்த நோயாளியை முன்பின் பார்த்திருக்க மாட்டார்.