அழுத்தினால் மட்டும் பாடிய வானொலி: பற்றவைப்புக் குறைகளைத் தேடித் திருத்திய அனுபவம்

என் அக்காள் மகன் பள்ளி விடுமுறையில் கோத்து முடித்த சிறிய எஃப்.எம். வானொலி, சுற்றுப்பலகையின் ஒரு மூலையை அழுத்தினால் 92.3இல் மின்னல் எஃப்.எம்.மைத் தெளிவாகப் பிடித்தது. கையை எடுத்தால் இரைச்சல் மட்டுமே கேட்டது. நிலையத்தைப் பிடிக்க டிடிஏ7000 சில்லும், ஒலியைப் பெருக்க எல்எம்386 சில்லும் கொண்ட எளிய சுற்று அது. பாகங்களின் மதிப்புகளும் திசைகளும் வரைபடத்தோடு பொருந்தியிருந்ததால், பற்றவைப்பைத்தான் முதலில் சந்தேகித்தேன்.

இதில் ஓர் எச்சரிக்கை தேவை. எஃப்.எம். அலைவரிசையில் விரலே சிறு மின்தேக்கியைப் போல் நடந்துகொள்ளும் என்பதால், சுருளின் அருகே கையைக் கொண்டுபோனாலே நிலையம் நழுவவோ திரும்பிக் கிடைக்கவோ கூடும். எனவே காய்ந்த மூங்கில் சாத்தே குச்சி ஒன்றால் ஒவ்வொரு பாகத்தின் காலையும் மெதுவாக அசைத்துப் பார்த்தேன். மின்கலத்தில் ஓடும் கருவியில் மட்டுமே இப்படிச் செய்யலாம். வீட்டு மின்சாரம் நுழையும் பலகையில் ஒருபோதும் கூடாது. எல்எம்386இன் 4ஆம் கால், ஒலியளவுக் குமிழின் கால்கள், மின்கலப் பெட்டியின் கம்பி ஆகிய மூன்று இடங்களில் ஒலி அறுந்து அறுந்து வந்தது.

மல்டிமீட்டரின் ‘பீப்’ சோதனையில் இந்த மூன்றும் நல்ல இணைப்புகளாகவே தெரிந்தன. ஊசிமுனையை அழுத்தும் அழுத்தமே விரிசலை மூடிவிடுவதாலும், சில பத்து ஓம் தடை இருந்தாலும் பல மீட்டர்கள் ஒலி எழுப்பிவிடுவதாலும், இவ்வகைக் குறைக்கு அந்தச் சோதனையை நான் நம்புவதில்லை. கருவி ஓடிக்கொண்டிருக்கும்போது, ஓர் ஊசியைச் சில்லின் காலிலும் மற்றொன்றைச் செப்புத் தடத்தில் சற்றுத் தள்ளியும் வைத்து மின்னழுத்த வேறுபாட்டை அளப்பதே பயன்தரும். நல்ல இணைப்பில் அது பூச்சியத்தை ஒட்டி நிற்கும். இங்கே பலகையைத் தட்டும்போதெல்லாம் அளவு எகிறி இறங்கியது.

உருப்பெருக்கியில் 4ஆம் காலைப் பார்த்தபோது காரணம் புலப்பட்டது. பாகங்களைப் பலகையோடு ஒட்டவைக்கும் உலோகக் கலவையான பற்றாசு, சில்லின் காலை நன்றாகப் பிடித்திருந்தது. கீழே இருந்த செப்புத் திட்டிலோ தாமரை இலைத் தண்ணீரைப் போல் ஒட்டாமல் உருண்டு நின்றது. நல்ல இணைப்பில் பற்றாசு குழிந்த சரிவாக இறங்கி, விளிம்பில் மெலிந்து செப்போடு கலந்திருக்க வேண்டும். பளபளப்பை மட்டும் வைத்துத் தீர்ப்பளிப்பது தவறு என்பது என் உறுதியான கருத்து, ஏனெனில் காரீயம் கலந்த பற்றாசு நன்றாகப் பிடித்தால் மினுங்கும், காரீயமற்றதோ நன்றாகப் பிடித்தாலும் பெரும்பாலும் மங்கலாகவே தோன்றும்.

“சூட்டைக் கூட்டினால் சரியாகிவிடுமா மாமா?” என்று கேட்டான். பலருக்கும் முதலில் தோன்றும் கேள்வி அதுதான். ஆனால் இங்கே குறைந்தது வெப்பநிலை அன்று, போய்ச் சேர்ந்த வெப்பம். 4ஆம் கால் தரை இணைப்பு, அதாவது மின்னோட்டம் மின்கலத்துக்குத் திரும்பும் பொது இணைப்பு. அதன் திட்டு பலகையின் பரந்த செப்புப் பரப்போடு நேரடியாகச் சேர்ந்திருந்ததால், பற்றவைக்கும் கோல் தரும் வெப்பம் முழுவதும் அப்பரப்பில் பரவி ஓடிவிட்டது. கோலின் கூர்மையான ஊசிமுனை, திட்டைத் தொடும் பரப்பு மிகச் சிறியதாகையால், அந்த இழப்பை ஈடுசெய்ய முடியவில்லை. சூட்டை 400 டிகிரிக்கு மேல் ஏற்றினால், ஆக்சைடு படலத்தை நீக்கிப் பற்றாசு ஒட்ட உதவும் ஃபிளக்ஸ் தன் வேலையைச் செய்யுமுன்னே கருகிவிடும், முனை கறுத்துப்போகும், திட்டு பலகையிலிருந்து பெயர்ந்தும் வரலாம். ஆகவே சூட்டை 340 டிகிரியிலேயே வைத்துக்கொண்டு, 2.4 மி.மீ. அகலமுள்ள உளிமுனையைக் கோலில் பொருத்தினேன்.

வானொலிப் பாகங்களின் பையோடு வந்த பற்றாசுக் கம்பியும் கவனத்துக்குரியது. அது 99.3 விழுக்காடு வெள்ளீயமும் 0.7 விழுக்காடு செம்பும் கலந்தது. 227 டிகிரி செல்சியஸில் உருகுவது. ஜாலான் பாசாரில் உள்ள உதிரிபாகக் கடை ஒன்றில், 63 விழுக்காடு வெள்ளீயமும் 37 விழுக்காடு காரீயமும் கொண்ட ரோசின் (மரப்பிசினாலான ஃபிளக்ஸ்) உள்ளீட்டுக் கம்பியை வாங்கினேன். இது 183 டிகிரியில் உருகி, அதே புள்ளியில் உறைந்துவிடும். 60/40 கலவை 183க்கும் ஏறத்தாழ 190க்கும் இடையே கூழாக நிற்பதால், அந்நேரத்தில் பாகம் சற்று அசைந்தாலும் உள்ளே விரிசல் விழும். கை இன்னும் பழகாத பிள்ளைகளுக்கு 63/37 அதனால்தான் ஏற்றது. காரீயத்தைத் தொட்டபின் கைகழுவாமல் உணவில் கைவைக்கக் கூடாது என்பதையும், ரோசின் புகை ஆஸ்துமாவைத் தூண்டக்கூடியது என்பதையும் அவனிடம் வற்புறுத்திச் சொன்னேன். சிறு மின்விசிறி ஒன்றைப் பக்கவாட்டில், புகையை முகத்திலிருந்து அப்பால் இழுக்கும்படி வைத்துக்கொண்டோம்.

பழைய பற்றாசின் மேல் புதியதைப் பூசுவதை நான் விரும்புவதில்லை. ஃபிளக்ஸ் தடவிய செப்புப் பின்னலால் அதை உறிஞ்சி எடுத்து, திட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, சிறிது ஃபிளக்ஸ் இட்டபின், முனையின் தட்டைப் பக்கம் காலையும் திட்டையும் ஒருசேரத் தொடும்படி வைத்து, கம்பியை எதிர்ப்பக்கத்திலிருந்து இணைப்பிலேயே ஊட்டினேன். முனையில் உருக்கிச் சுமந்துவந்து வைத்தால், வழியிலேயே ஃபிளக்ஸ் ஆவியாகி, வெறும் உலோகம் மட்டுமே வந்துசேரும். பற்றாசு திட்டு முழுவதும் பரவியதும் முதலில் கம்பியையும் பிறகு கோலையும் எடுத்தேன்.

மின்கலப் பெட்டியின் கம்பி வேறு வகைச் சிக்கல். கோலாலம்பூரின் ஈரக்காற்றில் நெடுநாள் திறந்து கிடந்த அதன் செப்பு இழைகள் பழுப்பேறியிருந்தன. அவ்வளவு தடித்த ஆக்சைடு படலத்தை ரோசின் தனியே கரைக்காது. புது இழை தெரியும் வரை நறுக்கி, தனியே பற்றாசு பூசிப் பிறகு இணைத்ததும் உடனே பிடித்தது.

ஒலியளவுக் குமிழில் பற்றவைப்பு தொடக்கத்தில் நன்றாகவே இருந்திருக்க வேண்டும். கால்களைச் சுற்றி மோதிரம் போன்ற மெல்லிய விரிசல் மட்டுமே இருந்தது. குமிழின் திருகு பெட்டியில் இறுக்கப்படாததால், ஒவ்வொரு முறை திருகும்போதும் விசை முழுவதையும் பற்றாசே தாங்கியிருக்கிறது. பற்றாசு மின்னோட்டத்துக்கான பாலமே தவிர, பாரம் தாங்கும் ஆணி அன்று. இணைப்பை இளக்கி, குமிழைப் பெட்டியில் திருகி இறுக்கிய பின்பே மறுபடி பற்றவைத்தோம். முதலில் பற்றவைத்துவிட்டுப் பிறகு இறுக்கினால், அந்த இறுக்கமே கால்களில் விசையாகத் தங்கிவிடும்.

இப்போது பலகையை எங்கே தட்டினாலும் நிலையம் நழுவுவதில்லை. 4ஆம் காலில் அளவும் அசையாமல் நிற்கிறது. ஒலியை மிகக் கூட்டும்போது மட்டும் ‘டப டப’ என்ற துடிப்பு கேட்கிறது. குச்சியால் அசைத்தாலும் அது மாறவில்லை என்பதால் பற்றவைப்பின் குறையாகத் தோன்றவில்லை. மின்கலம் தளர்ந்திருக்கலாம், அல்லது மின்வழங்கலில் வடிகட்டல் போதாமல் இருக்கலாம். மின்கலத்தை மாற்றிப் பார்த்துவிட்டு, எல்எம்386இன் 6ஆம் காலுக்கும் தரைக்கும் இடையே 100 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றைச் சேர்க்க இருக்கிறோம். அதை அக்காள் மகனே பற்றவைக்கப் போகிறான்.