அப்பா தொட்டுப் பார்த்த கோலாலம்பூர்

சேலம் இரும்பாலையில் 1982-இல் வேலைக்குச் சேர்ந்து 2018-இல் ஓய்வு பெற்ற என் அப்பாவுக்கு 67 வயதில்தான் முதல் பாஸ்போர்ட் கிடைத்தது. குடும்பப்பெயர் என்ற கட்டத்தில் எதை எழுதுவது என்று தமிழர் எல்லோருக்கும் வாய்க்கும் சிக்கலைத் தாண்டி அது கைக்கு வந்து சேர்ந்த பிறகும், அவர் அதைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, பயணப் பேச்சையே எடுக்காமல் இருந்தார். அம்மாவோ, தரையில் போகிற வண்டி எதுவானாலும் வருகிறேன், வானத்தில் போவதென்றால் நீங்கள் இருவர் மட்டும் போய் வாருங்கள் என்று சொல்லிவிட்டார். 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் விசா இல்லாமலே 30 நாள் வரை மலேசியாவில் தங்கலாம் என்றானதும், திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு நேர் விமானம் இருப்பதும் என் வாதத்துக்குத் துணை நின்றன. ஒரு வழியாக, அம்மா பொரித்துக் கொடுத்த தட்டுவடை இரண்டு பொட்டலங்களோடு நாமக்கல் வழியாகத் திருச்சிக்குக் கிளம்பினோம்.

என் கைப்பேசியில் நான்கு நாளுக்கு இருபதுக்கும் மேற்பட்ட இடங்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் நேரம் ஒதுக்கி வைத்திருந்தேன். அந்தப் பட்டியல் முதல் நாள் மாலையிலேயே செத்துப்போனது. அதற்குக் காரணம் அப்பாவின் முழங்கால் அல்ல. வழியில் தென்படும் கைப்பிடி, கம்பி, தகடு, பற்றவைத்த இணைப்பு ஆகிய எதையும் அவர் தொட்டுப் பார்க்காமல் கடப்பதில்லை என்பதே காரணம். ஒரு நாளைக்கு இரண்டு இடம், நடுவில் மதிய உறக்கம் என்ற ஏற்பாடு எங்களுக்குள் தானாக அமைந்தது. வயதானவர்களை அழைத்துச் செல்லும் எவரும் இந்தக் கணக்கிலிருந்தே தொடங்கலாம் என்பது என் கருத்து.

முதல் தாமதம் ரயில் நிலையத்தில் நேர்ந்தது. கோலாலம்பூரின் எல்.ஆர்.டி. ரயிலில் இயந்திரத்தில் பணம் செலுத்தினால், சீட்டுக்குப் பதிலாக நீல நிறப் பிளாஸ்டிக் வில்லை ஒன்று விழும். உள்ளே போகும்போது அதைத் தடுப்புக் கதவில் தொட்டுக் காட்ட வேண்டும், வெளியேறும்போது ஒரு துளையில் போட்டுவிட வேண்டும். அப்பா அந்த வில்லையை வாங்கியதும் செய்த முதல் காரியம், கட்டைவிரலை அதன் ஓரத்தில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்ததுதான்.

இதைப் புரிந்துகொள்ள அவருடைய வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கஞ்சமலையில் இரும்புத்தாது இருக்கிறது என்பதை முன்வைத்துத்தான் சேலத்துக்கு இரும்பாலை வேண்டும் என்று அந்தக் காலத்தில் கேட்டார்கள். ஆனால் அம்மலையின் அடிவாரத்தில் எழுந்த ஆலை அந்தத் தாதுவைத் தொடவில்லை. வெளியிலிருந்து வரும் எஃகுச் சுருள்களை உருளைகளுக்கிடையே செலுத்தி மெல்லிய எவர்சில்வர் தகடாக்கும் ஆலையாகவே அது தொடங்கியது. உருக்கும் பிரிவு 2010-இல்தான் வந்தது. இடையில், அரசு நாணயச் சாலைகளுக்கு வேண்டிய வெறும் வில்லைகளை, அதாவது எழுத்தும் சிங்கமும் பதிக்கப்படுவதற்கு முந்தைய மொட்டைக் காசுகளை, வெட்டிக் கொடுக்கும் பிரிவும் அங்கே ஏற்பட்டது. அப்பா தம் பணிக்காலத்தின் பிற்பகுதியை அந்தப் பிரிவில்தான் கழித்தார். வெட்டுக்கருவி மழுங்கினால் வில்லையின் ஓரத்தில் பிசிர் நிற்கும். அதைக் கண்ணுக்கு முன் விரல் கண்டுபிடித்துவிடும் என்பார். கடைக்காரர் சில்லறை கொடுத்தால், அவர் எண்ணுவதற்கு முன் ஓரத்தைத் தடவுவதை நான் சிறு வயதிலிருந்தே பார்த்து வந்திருக்கிறேன்.

அந்த நீல வில்லையைத் துளையில் போடத்தான் அவருக்கு மனம் வரவில்லை. போடாவிட்டால் கதவு திறக்காது என்றதும், காணிக்கை செலுத்துவதுபோல் போட்டார்.

கிளானா ஜெயா தடத்தில் ஓடும் ரயில்களுக்கு ஓட்டுநர் கிடையாது என்பதை நான் முன்கூட்டிச் சொல்லாமல் வைத்திருந்தேன். முதல் பெட்டியின் முன்பக்கக் கண்ணாடிக்கு அருகில் அவரை நிறுத்தினேன். பசார் செனி நிலையம் வரை மேம்பாலத்தில் ஓடிய வண்டி, மஸ்ஜித் ஜமேக் நிலையத்துக்கு முன் சரிவில் இறங்கிச் சுரங்கத்துக்குள் புகுந்தபோது, அவருடைய கை தன்னையறியாமல் பிரேக்கைத் தேடியதுபோல் அசைந்தது. எங்களுக்குப் பக்கத்தில் ஐந்து வயதுச் சீனச் சிறுவன் ஒருவன் அதே கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நின்றான். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். அன்று மாலை, போக வேண்டிய இடம் எதுவும் இல்லாமலே இன்னொரு முறை அந்த ரயிலில் போய் வந்தோம்.

மெர்டேக்கா சதுக்கம், பெட்டாலிங் தெரு முதலியவற்றைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பார்த்தோம், வெயில் கடுமையாக இருந்தது, திரும்பினோம். கோம்பாக், கிள்ளான் என்ற இரண்டு ஆறுகள் சேரும் முனையில், 1909-இல் கட்டி முடிக்கப்பட்ட ஜமேக் பள்ளிவாசலின் எதிரே நின்றபோது மட்டும், கோலாலம்பூர் என்ற பெயருக்கே சேறு கலந்த கூடல் என்று பொருள் சொல்வார்கள் என்றேன். "அப்படின்னா இதுவும் கூடுதுறைதான், நம்ம பவானியாட்டம்" என்றார் அப்பா. அதன் பிறகு அந்த நகரம் அவருக்கு அந்நியமாக இல்லை என்று நினைக்கிறேன். பிரிக்பீல்ட்ஸில், பெயருக்கேற்பச் செங்கற்சூளைகள் இருந்த பகுதியில், ரயில்வே வேலைக்கு வந்து குடியேறிய தமிழர்களின் வழிவந்தவர்கள் நடத்தும் கடைகளில் வாழையிலைச் சாப்பாடு கிடைத்ததால், சாப்பாட்டைப் பற்றிய கவலையும் தீர்ந்தது. அங்கே 'தே தாரேக்' என்ற பெயரில் இரண்டு குவளைகளுக்கிடையே நீளமாக ஆற்றித் தரும் தேநீரை அவர் நம்மூர் டீ மாஸ்டரின் கைக்கு ஒரு படி கீழே வைத்தார்; அதில் எனக்கு உடன்பாடில்லை.

இரண்டாம் நாள் காலை, வெயில் ஏறுவதற்கு முன் புறநகர் ரயிலில் பத்துமலைக்குப் போனோம். அடிவாரத்தில் நிற்கும் முருகன் சிலை 42.7 மீட்டர், அதாவது 140 அடி உயரம். 2006 ஜனவரியில் திறக்கப்பட்டது. பக்கத்தில் நின்ற உள்ளூர்த் தமிழர் ஒருவர், இதற்குள் 250 டன் எஃகுக் கம்பி இருக்கிறது என்று பெருமையோடு சொன்னார். அப்பா மரியாதையாகத் தலையசைத்துவிட்டு, எங்கள் ஊருக்குப் பக்கத்தில் வாழப்பாடியைத் தாண்டிப் புத்திரகவுண்டன்பாளையத்தில் நிற்கும் முத்துமலை முருகன் 146 அடி என்றும், 2022-இல் கும்பாபிஷேகம் ஆயிற்று என்றும் நிதானமாகத் தெரிவித்தார். அதையும் இதையும் செய்தவர் திருவாரூரைச் சேர்ந்த ஒரே ஸ்தபதி என்பதை நான் இடையில் சொன்னதும், ஆறு அடி வித்தியாசத்தில் எழவிருந்த மனத்தாங்கல் தணிந்து, அந்த நல்ல மனிதர் அப்பாவுக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தார்.

குகைக்கு 272 படிகள். 2018-இல் அவற்றுக்கு வானவில் போலப் பல வண்ணம் பூசியிருக்கிறார்கள். அந்த வண்ணம் எனக்குப் பிடிக்கவில்லை. அப்பாவுக்கோ, எந்த நிறத்தில் நின்று மூச்சு வாங்கினோம் என்று நினைவு வைத்துக்கொள்ள அது வசதியாக இருந்தது. நான்கு முறை நின்றோம். மூன்றாவது நிறுத்தத்தில், என் கையிலிருந்த பையின் வாய் சற்றே திறந்திருந்ததைக் கண்டுகொண்ட குரங்கு ஒன்று தட்டுவடைப் பொட்டலத்தை உருவிக்கொண்டு கைப்பிடிச் சுவரில் போய் அமர்ந்தது. ஒன்றைக் கடித்துப் பார்த்து, பொட்டலத்தை இன்னும் இறுக்கமாக மார்போடு அணைத்துக்கொண்டது. செவ்வாய்ப்பேட்டை மளிகைக் கடையில் பார்த்துப் பார்த்து மாவுப்பொருள் வாங்கி அம்மா செய்த பண்டத்துக்கு இதைவிடச் சான்றிதழ் வேண்டியதில்லை என்று அப்பா அங்கேயே அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னார்.

மேலே குகையின் விதானம் ஏறக்குறைய 100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காட்டில் சேர்வராயன் கோயிலின் குகைக்குள் தலையைக் குனிந்தே சென்று கும்பிட்டுப் பழகிய அப்பா, இங்கேயும் நுழையும்போது பழக்கத்தால் குனிந்தார். பிறகு நிமிர்ந்து, மேலே திறந்திருந்த பாறை வாயில் வழியாக விழும் வெளிச்சத்தை வெகுநேரம் பார்த்தார். தம்புசாமிப் பிள்ளை இங்கே முருகனுக்குக் கோயில் கண்டு, 1892 முதல் தைப்பூசம் நடந்து வருகிறது என்ற வரலாற்றை நான் படித்துச் சொல்லிக்கொண்டிருக்க, அவர் பாறையைத் தடவிப் பார்த்துவிட்டு, இது சுண்ணாம்புப் பாறை, தண்ணீர் அரித்தே இவ்வளவு பெரிய பொந்தாகியிருக்கிறது, இப்படிப்பட்ட பூமியில் பெரிய கட்டடத்துக்கு எப்படி அஸ்திவாரம் போட்டார்கள் என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு விடை மறுநாள் கிடைத்தது.

பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரங்களைத்தான் நான் அவருக்காகவே மிச்சம் வைத்திருந்தேன். 452 மீட்டர் உயரம், 88 மாடிகள், சீசர் பெல்லியின் வடிவமைப்பு, 1998 முதல் 2004-இல் தைபே 101 வரும் வரை உலகிலேயே உயரமான கட்டடம் என்பதெல்லாம் எனக்கு முக்கியமாகப் படவில்லை. அதன் உடம்பு முழுவதும் எவர்சில்வர் தகடு என்பதே எனக்கு முக்கியம். வாழ்நாள் முழுவதும் எவர்சில்வர் தகட்டோடு பழகிய ஒரு மனிதரை உலகிலேயே பெரிய எவர்சில்வர் பொருள்களில் ஒன்றின் முன் கொண்டுபோய் நிறுத்தப் போகிறேன் என்று சேலத்திலிருந்தே மனத்துக்குள் ஒத்திகை பார்த்திருந்தேன்.

நாங்கள் கோபுரங்களை ஒட்டிய பூங்காவுக்குள் நுழைந்தபோது மழை பிடித்துக்கொண்டது. கூரையின் கீழ் ஒதுங்கி நின்று அவர் கோபுரத்தின் மேலே தண்ணீர் வழிவதைப் பார்த்தார். எவர்சில்வர் துருவே பிடிக்காது என்று ஊரார் நம்புவது முழு உண்மையன்று என்றார். எஃகில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் கலந்தால், காற்றுப் பட்டவுடன் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆக்சைடு ஏடு மேலே படியும். கீறல் விழுந்தாலும் அந்த ஏடு தானே மீண்டும் உருவாகும். ஆனால் தூசும் உப்பும் அப்பியிருந்தால் அதனால் மூச்சுவிட முடியாது. இந்த ஊரில் நாள் தவறாமல் மழை பெய்து கழுவிவிடுவது தகட்டுக்குச் செய்கிற உபகாரம். இருந்தாலும் இந்த ஈரக்காற்றுக்கு மாலிப்டினம் கலந்த 316-ஆம் தரத்தைத்தான் போட்டிருப்பார்கள், வீட்டுப் பாத்திரத்துக்குப் போடும் 304 தாங்காது என்று கணித்தார். முப்பது ஆண்டுகளாக ஒரே வீட்டில் இருந்தும் அவர் தம் வேலையைப் பற்றி இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. ஷிஃப்ட் முடிந்து வந்தால் குளித்துவிட்டுத் தூங்குவார், நாங்களும் கேட்டதில்லை.

நேரம் குறித்த சீட்டு என்பதால் குழுவாக மேலே அழைத்துப் போனார்கள். இரண்டு கோபுரங்களையும் 41, 42-ஆம் மாடிகளில் இணைக்கும் பாலம் தரையிலிருந்து சுமார் 170 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மற்றவர்கள் கண்ணாடி வழியே நகரத்தைப் படம் எடுத்துக்கொண்டிருக்க, அப்பா பாலம் கோபுரத்தோடு சேரும் இடத்தில் போய் நின்றுகொண்டார். காற்றில் இரு கோபுரங்களும் தனித்தனியாக அசையும் என்பதால் பாலத்தை அவற்றோடு இறுக்கிக் கட்டாமல், முனைகள் உள்ளும் வெளியும் வழுக்கி நகரும்படி விட்டிருக்கிறார்கள். இறுக்கிக் கட்டியிருந்தால் என்றைக்கோ கிழிந்திருக்கும் என்று அவர் திருப்தியோடு சொன்னார்.

ஏமாற்றம் 86-ஆம் மாடியில் காத்திருந்தது. கோபுரங்கள் கட்டப்பட்ட விதத்தை நான் கைப்பேசியில் தேடிப் படித்துக் காட்டினேன். அடியில் இருப்பது, முந்தின நாள் பத்துமலையில் நாங்கள் தொட்ட அதே வகைச் சுண்ணாம்புப் பாறை; அதன் பொந்துகளுக்குப் பயந்து கட்டடத்தின் இடத்தையே சிறிது தள்ளி, 100 மீட்டருக்கும் மேல் ஆழம்வரை போகும் கான்கிரீட் தூண்களை இறக்கியிருக்கிறார்கள் என்று படித்தவரைக்கும் அவர் முகம் மலர்ந்திருந்தது. எஃகை இறக்குமதி செய்தால் செலவு கூடும் என்பதால், கோபுரத்தின் எலும்புக்கூட்டையும் பெரும்பாலும் உயர்வலுக் கான்கிரீட்டிலேயே கட்டினார்கள் என்ற அடுத்த வரியைப் படித்திருக்கவே கூடாது.

"ஏங்கண்ணு, அப்போ எவர்சில்வர் வெறும் மேல்தோல்தானா?"

ஆமாம் என்றேன். அவர் சிறிது நேரம் கீழே தெரிந்த நகரத்தைப் பார்த்தார். பிறகு, தோல்தானே வெயிலையும் மழையையும் வாங்குகிறது, சிமென்ட்டை வெளியே விட்டிருந்தால் இந்நேரம் கறுத்துப் போயிருக்கும் என்று தமக்குத்தாமே ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டார். கீழே இறங்கியதும், நுழைவாயிலுக்கு அருகே கைக்கெட்டும் உயரத்தில் பளபளத்த ஒரு தூணின் தகட்டில் உள்ளங்கையை வைத்துச் சற்று நேரம் நின்றார். காவலர் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. படம் எடுக்கட்டுமா என்று நான் கேட்கவில்லை.

திரும்பும் நாளில், விமான நிலையத்தில் மிச்சமிருந்த சில்லறையில் ஆறு பத்து சென் நாணயங்களை அவர் பிரித்தெடுத்துத் தனியாகக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார். 2012-இல் வெளிவந்த வரிசையைச் சேர்ந்த அந்தப் பத்து சென் எவர்சில்வரால் ஆனது. ஊருக்கு வந்த மறுநாள், இரும்பாலை ரோட்டில் ஓய்வுபெற்ற நண்பர்கள் கூடும் டீக்கடையில் ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். நானும் உடன் போயிருந்தேன். இரட்டைக் கோபுரத்தைப் பற்றியோ மலேசிய முருகனைப் பற்றியோ எவரும் முதலில் கேட்கவில்லை. ஐந்து பேரும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, காசின் ஓரத்தில் கட்டைவிரலை ஒரு சுற்று ஓட்டினார்கள்.

"சுத்தமாத்தான் வெட்டியிருக்கான்" என்றார் மூத்தவர். பிறகுதான் டீ சொன்னார்கள்.