சர்க்யூட் படம் பழகுகிறேன்: ஆடி முதல் தை வரை

ஆடியில் மச்சைத் துப்புரவு செய்தபோது தாத்தாவின் ரேடியோ கிடைத்தது. மரப்பெட்டி. நாலு பெரிய பேட்டரிக் கட்டை போடுகிற டிரான்சிஸ்டர் செட். திருநெல்வேலி வானொலி கேட்பதற்காகத் தாத்தா அதைத் திண்ணையிலேயே வைத்திருப்பார். பின்மூடியைக் கழற்றினேன். மூடியின் உட்புறம் பழுப்பேறிய காகிதம் ஒன்று ஒட்டியிருந்தது. நேர்கோடு, நெளிகோடு, வட்டத்துக்குள் அம்பு. ஓரிடத்தில் யாரோ பென்சிலால் 5.4 என்று எழுதியிருந்தார்கள். அரைமணி நேரம் பார்த்தும் ஒன்றும் பிடிபடவில்லை. ஆனால் படிக்கத் தெரிந்தவர்களோடு அது பேசும் என்பது தெரிந்தது. அன்றைக்குச் சாயங்காலமே நூறு பக்க கட்டம் போட்ட நோட்டு ஒன்று வாங்கினேன்.

எனக்கு ஊர் கல்லிடைக்குறிச்சி. ஆற்றுக்கு அக்கரையில், அம்பையில் ஓர் அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறேன். எலக்ட்ரானிக்ஸ் படித்தவள் இல்லை. பள்ளிக்கூடத்தில் படித்த ஓம் விதி (வோல்டேஜை ஓம் கணக்கால் வகுத்தால் கரண்ட்) மட்டும் மறக்காமல் இருந்தது.

முதல் மாதம் குறிகளை எழுதிப் பழகினேன், அ ஆ எழுதுவதைப் போல. நெளிகோடும் ரெசிஸ்டர்தான், அதாவது கரண்டை மட்டுப்படுத்துகிற உறுப்பு; நீளப் பெட்டியும் ரெசிஸ்டர்தான். முன்னது அமெரிக்கப் பழக்கம், பின்னது ஐரோப்பியப் பழக்கம். 4கே7 என்று போட்டிருந்தால் 4.7 கிலோ ஓம். அச்சில் புள்ளி அழிந்தால் 4.7 என்பது 47 ஆகிவிடும். அதனால் புள்ளி நிற்க வேண்டிய இடத்தில் எழுத்தை நிறுத்துகிறார்கள். கணக்கு எழுதுகிறவளுக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்துப்போனது.

9 வோல்ட் பேட்டரி, 470 ஓம் ரெசிஸ்டர், ஒரு சிவப்பு எல்இடி விளக்கு. எல்இடி 2 வோல்ட் எடுத்துக்கொள்ளும், மிச்சம் 7 வோல்ட் ரெசிஸ்டரில், கரண்ட் சுமார் 15 மில்லி ஆம்பியர். எரிந்தது. அதை நோட்டில் வரைந்தேன்: இடது பக்கம் பேட்டரியைப் பெட்டியாக, பற்றவைக்காமல் ஒயரைச் செருகுகிற பிரெட்போர்டுப் பலகையை ஓட்டை ஓட்டையாக, ஒயரை வளைந்தது வளைந்தபடி. ஆலைக்குப் போகிற வழியில் ரேடியோ ரிப்பேர் பார்க்கும் அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். அவரிடம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

“தாயி, இது போட்டோ மாதிரில்லா இருக்கு. கல்யாண வீட்டு போட்டோல யாரு பக்கத்துல யாரு நிக்காங்கன்னு தெரியும். யாரு யாருக்கு என்ன முறைன்னு தெரியுமா? சர்க்யூட் படம் முறையச் சொல்லணும். எது எங்கன நிக்குங்கத பத்தி அதுக்குக் கவலையே கிடையாது.”

அந்த ஒரு பேச்சில்தான் எனக்குக் கதவு திறந்தது. அதுவரை படத்தில் பக்கத்தில் இருப்பதைப் பலகையிலும் பக்கத்தில் வைக்க வேண்டும் என்று நினைத்து மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். கிரவுண்ட் குறி வேறு குழப்பியது. நாலு இடத்தில் தனித்தனியாகக் குறி தொங்குகிறது, நடுவில் கோடே இல்லை. நிலத்தில் கம்பி அடிக்கச் சொல்கிறார்களோ என்றுகூட நினைத்தேன். பேரேட்டை நினைத்துப் பார்த்ததும் தெளிந்தது. ஒரே தலைப்பு பத்தாம் பக்கத்திலும் இருக்கும், நாற்பதாம் பக்கத்திலும் இருக்கும், கணக்கு ஒன்றுதான். கிரவுண்ட் அப்படி ஒரு தலைப்பு. அந்தக் குறி எங்கெங்கே தொங்குகிறதோ அங்கெல்லாம் ஒரே கம்பி, பெரும்பாலும் பேட்டரியின் மைனஸ், என்று அர்த்தம். ஜெர்மன் விஞ்ஞானி கிர்க்காஃப் 1845-ல் சொன்ன விதியும் பற்று வரவுதான்: ஒரு சந்திப்புக்கு வருகிற கரண்ட் முழுவதும் அங்கிருந்து போயாக வேண்டும், பைசா மிச்சம் நிற்காது.

வரையும் ஒழுங்கையும் அண்ணாச்சிதான் சொன்னார். பிளஸ் மேலே, கிரவுண்ட் கீழே, சிக்னல் இடமிருந்து வலம். நான் தாமிரபரணியை நினைத்துக்கொள்வேன். வரைபடத்தில் பொதிகை மலை இடது பக்கம், கடலில் சேரும் புன்னக்காயல் வலது பக்கம். மேட்டிலிருந்து பள்ளத்துக்கு, இடமிருந்து வலமாக ஓடுகிற ஆறு. சிக்னல் புறப்படும் இடம் தெரியாமல் முழிக்கும்போது இப்போதும் மேற்கிலிருந்துதான் தேட ஆரம்பிக்கிறேன்.

புரட்டாசியில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இத்தனை மாதத்தில் அதிகம் கற்றுக்கொண்டது அங்கேதான்.

எங்கள் வீட்டுத் தட்டட்டியில் தண்ணீர்த் தொட்டி. மோட்டாரைப் போட்டுவிட்டு அடுக்களை வேலையில் மறந்துவிடுவோம். நிரம்பி வழிந்து பக்கத்து வீட்டுச் சுவரில் இறங்கும். தொட்டி நிறைந்ததும் கூவுகிற அலாரம் ஒன்றை அண்ணாச்சி பில் புத்தகத்தின் பின்பக்கம் வரைந்து கொடுத்தார். பிசி547 டிரான்சிஸ்டர் ஒன்று; அதற்கு பேஸ், எமிட்டர், கலெக்டர் என்று மூன்று கால். பேட்டரியின் பிளஸிலிருந்து ஒரு கம்பி தண்ணீருக்குள். இன்னொரு கம்பி தொட்டியின் விளிம்பில் தொங்கும், அது 10 கிலோ ஓம் வழியாக பேஸுக்குப் போகும். எமிட்டர் கிரவுண்டுக்கு. கலெக்டருக்கும் பிளஸுக்கும் நடுவே பஸர். அதற்கு இணையாக ரெசிஸ்டரோடு ஒரு எல்இடி. தண்ணீர் ஏறி இரண்டு கம்பியையும் தொட்டால் பேஸுக்குக் கொஞ்சூண்டு கரண்ட் போகும். டிரான்சிஸ்டர் அதைப் பல மடங்காக்கிப் பஸரைக் கூவ வைக்கும்.

அதைப் பார்த்து நோட்டில் அழகாகப் படி எடுத்தேன். பத்து நாள் கழித்து நோட்டைப் பார்த்துப் பிரெட்போர்டில் மாட்டினேன். தம்ளர் தண்ணீரில் இரண்டு கம்பியையும் விட்டால் சத்தமே இல்லை. பிசி547-ன் தட்டைப் பக்கம் நம்மைப் பார்க்க வைத்தால் இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். அது சரியாகத்தான் இருந்தது. எல்இடியின் நீளக் கால் பிளஸ் பக்கம்தான். பேட்டரியில் 9.1 வோல்ட். ராத்திரி பதினோரு மணிவரை உட்கார்ந்திருந்தேன். கடைசியில் வோல்டேஜ் அளக்கிற மீட்டரின் கறுப்பு முனையை கிரவுண்டில் வைத்து, சிவப்பு முனையை ஒவ்வொரு கோடாக நோட்டில் இருக்கிற வரிசையில் நகர்த்தினேன். தண்ணீருக்குள் போகிற முதல் கம்பியில், 9 இருக்க வேண்டிய இடத்தில், 0 காட்டியது.

அண்ணாச்சியின் தாளையும் என் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். பேட்டரியிலிருந்து மேலே பஸருக்குப் போகும் கோடும், தொட்டிக் கம்பியிலிருந்து எல்இடிக்குப் போகும் குறுக்குக் கோடும் வெட்டிக்கொள்கிற இடத்தில் அவர் தாளில் கடுகளவு புள்ளி இருந்தது. என் நோட்டில் இல்லை. புள்ளி இருந்தால் இரண்டு கோடும் சேர்ந்திருக்கிறது. இல்லாவிட்டால் ஒன்றின்மேல் ஒன்று தாண்டிப் போகிறது. நான் என் நோட்டை நம்பி இரண்டையும் தனித்தனியாக மாட்டிவிட்டேன். தண்ணீரில் நிற்கிற கம்பிக்கு பிளஸ் வந்து சேரவே இல்லை.

ஏன் விட்டேன் என்பதும் யோசித்ததில் பிடிபட்டது. சின்ன வயதிலிருந்து சிக்குக் கோலம் போட்ட கை இது. சிக்குக் கோலத்தில் கோடு கோட்டை வெட்டிக்கொண்டே போகும், புள்ளியோ கோட்டுக்குள் சிறைப்பட்டு நடுவில் நிற்கும், கோட்டின்மேல் ஏறாது. கோடு வெட்டுகிற இடத்தில் புள்ளி வைக்க என் கை பழகவே இல்லை. அத்தையிடம் சொன்னேன். “அப்போ இதுல புள்ளியச் சுத்தி வரக் கூடாது, புள்ளிக்குள்ள நுழையணுமாக்கும்” என்றாள். சரியாகத்தான் சொன்னாள்.

மறுநாள் அண்ணாச்சி இன்னொன்றும் சொன்னார். நாலு கோடு ஒரே இடத்தில் சேரும்படி வரையவே கூடாதாம். ஒரு கோட்டை அரை அங்குலம் தள்ளி இறக்கினால் இரண்டு முச்சந்தி ஆகிவிடும். முச்சந்தியில் புள்ளி அழிந்துபோனாலும் சேர்ந்திருக்கிறது என்பதில் சந்தேகம் வராது. இப்போது என் நோட்டில் நாற்சந்தியே கிடையாது.

அலாரம் அதற்குப் பிறகு முதல் தடவையிலேயே கூவியது. மூன்று வாரத்தில் தொட்டிக்குள் இருந்த செம்புக் கம்பி பச்சை பிடித்தது. ஒரே திசையில் கரண்ட் தண்ணீர் வழியாகப் போகும்போது பிளஸ் பக்கச் செம்பு கரைந்துகொண்டே வரும். உடைந்த எவர்சில்வர் கரண்டிகளின் காம்பு இரண்டைக் கட்டித் தொங்கவிட்டேன். இன்றைக்குவரை நிற்கிறது.

ஐப்பசி மழையில் மாலை வேளைகள், விளக்கை நேரம் பார்த்து மினுக்க வைக்கிற 555 ஐசியோடு கழிந்தன. சுவிட்சர்லாந்துக்காரர் ஹான்ஸ் காமென்சிண்ட் 1971-ல் வடிவமைத்தது; மறு வருஷமே விற்பனைக்கு வந்து இன்றைக்கும் கடையில் கிடைக்கிறது. எட்டுக் கால். வெட்டுப் பள்ளம் மேலே இருக்க, இடது மேல் மூலையில் 1, அங்கிருந்து கடிகாரத்துக்கு எதிர்ச்சுற்றாக எண்ண வேண்டும். படத்திலோ 8-ம் 4-ம் மேலே, 1 கீழே, 7, 6, 2 இடது பக்கம், 3 வலது பக்கம். முதலில் கலைத்துப் போட்ட சீட்டுக்கட்டைப் போலத்தான் தெரிந்தது. வரைந்து பார்த்ததும் காரணம் தெரிந்தது: மேலே இருப்பவை பிளஸுக்குப் போகின்றன, கீழே இருப்பது கிரவுண்ட், இடது பக்கம் இருப்பவை மின்சாரத்தைச் சேர்த்துவைத்து விடுகிற கெபாசிட்டரைக் கவனிக்கின்றன, வலது பக்கம் வெளியே போகிற சிக்னல். மறுபடியும் அதே ஆறுதான்.

10 கிலோ ஓம், 68 கிலோ ஓம், 10 மைக்ரோஃபாரட். முதல் ரெசிஸ்டரோடு இரண்டாவதை இரண்டு தடவை கூட்டி, கெபாசிட்டரால் பெருக்கி, வந்ததால் 1.44-ஐ வகுத்துப் பார்த்தால் வினாடிக்கு ஏறக்குறைய ஒரு தடவை மினுக்க வேண்டும். கெபாசிட்டரில் மீட்டரை வைத்துக்கொண்டு பார்த்தேன். சப்ளையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மூன்றில் இரண்டு பங்குக்கும் இடையில் வோல்டேஜ் மூச்சு விடுவதுபோல ஏறி இறங்கியது. 9 வோல்ட்டுக்கு 3-ம் 6-ம். ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கார்த்திகையில் மகளின் கம்ப்யூட்டரில் கைகேட் போட்டேன். சர்க்யூட் படம் வரைகிற இலவச மென்பொருள். இணைக்கிற இடத்தில் புள்ளியை அதுவே வைத்துவிடுகிறது. சோதித்துப் பார்க்கச் சொன்னபோது பவர் வருகிற வழியே இல்லை என்று பிழை காட்டியது. பேட்டரி கனெக்டர் வெறும் கனெக்டர்தான், அதில் பவர் வருகிறது என்று நாம் சொல்லாமல் அதற்குத் தெரியாது. பவர் ஃப்ளாக் என்ற குறியை வைத்ததும் அடங்கியது. நல்ல கருவிதான். ஆனாலும் ஆரம்பிக்கிறவர்கள் முதலில் பென்சிலில்தான் வரைய வேண்டும் என்பது என் அபிப்பிராயம். புள்ளியை நம் கை வைத்தால்தான் புள்ளி மனதில் நிற்கும்.

மார்கழியில் தலைகீழாக ஒரு வேலை: பலகையைப் பார்த்துப் படம் வரைவது. திருவிழாக் கடையில் மகளுக்கு வாங்கிய, மாறி மாறி மினுக்குகிற விளக்குப் பொம்மையைப் பிரித்தோம். அவள் பலகைக்குப் பின்னால் டார்ச் அடித்தாள், செம்புப் பாதை நிழலாகத் தெரிந்தது, நான் ஒவ்வொன்றாக எழுதினேன். முதல் படம் நூல்கண்டு சிக்கியதுபோல வந்தது. பிளஸை மேலே ஏற்றி, கிரவுண்டைக் கீழே இறக்கித் திரும்ப வரைந்தேன். மூன்றாவது தடவை இரண்டு டிரான்சிஸ்டரும் எதிரும் புதிருமாக நின்றன. ஒன்றின் கலெக்டரிலிருந்து கெபாசிட்டர் வழியாக மற்றதன் பேஸுக்குப் போகும் இரண்டு கோடும் நடுவில் பெருக்கல் குறிபோல வெட்டிக்கொண்டன, புள்ளி இல்லாமல். மல்டிவைப்ரேட்டர்! ஒன்று அணைய மற்றது எரிகிற சர்க்யூட். புத்தகத்தில் பார்த்த அதே முகம். அதுவரை எழுத்துக் கூட்டிப் படித்தவள், அன்றைக்குத்தான் ஒரு சொல்லை முழுச் சொல்லாகப் படித்தேன்.

பொங்கல் கழிந்ததும் தாத்தாவின் ரேடியோ மூடியைத் திரும்ப எடுத்தேன். தாண்டிப் போகும் இடங்களில் கோடு சின்ன மேடு ஏறி இறங்குகிறது. பழைய படங்களின் வழக்கம். டிரான்சிஸ்டர்களில் அம்பு உள்நோக்கி இருக்கிறது, அப்படியென்றால் பிஎன்பி வகை, பிசி547-க்கு நேர்மாறு. பேட்டரியின் பிளஸ்தான் கிரவுண்டுக்குப் போகிறது. ஆடியில் தலைகால் புரியாமல் நின்றதற்கு இதுவும் ஒரு காரணம். வலது ஓரத்தில் ஸ்பீக்கர், அதற்கு முன்னால் டிரான்ஸ்ஃபார்மர், அதற்கு முன்னால் ஜோடியாக இரண்டு டிரான்சிஸ்டர். இவ்வளவும் படிக்க முடிந்தது. பென்சிலில் எழுதியிருந்த 5.4 எங்கே நிற்கிறது என்று தேடினேன். பேட்டரியிலிருந்து ஒரு சின்ன ரெசிஸ்டர் தாண்டி, பெரிய கெபாசிட்டர் ஒன்றின் தலையில். என்றைக்கோ ஒரு ரிப்பேர்க்காரர் மீட்டர் வைத்துப் பார்த்த வோல்டேஜ்.

புதுக் கட்டை நாலு போட்டேன். படத்தை மடியில் வைத்துக்கொண்டு பலகையில் அந்த இடத்தைக் கண்டுபிடிக்கக் கால்மணி நேரம் ஆனது. கறுப்பு முனை கிரவுண்டில், சிவப்பு முனை அங்கே. மைனஸ் 5.2 காட்டியது.

ரேடியோ இன்னும் பேசவில்லை. ஸ்பீக்கர் பக்கத்து இரண்டு டிரான்சிஸ்டர்களுக்கும் வோல்டேஜ் வருகிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அங்கிருந்து ஒவ்வொன்றாக மேற்கே போய்ப் பார்க்க வேண்டும். நோட்டில் அந்தப் பகுதியை மட்டும் பெரிதாக வரைந்து, அளக்க வேண்டிய இடங்களில் பென்சிலால் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.